மறக்கப்பட்ட மன்னனும் மறக்கப்படாத தீர்க்கதரிசியும்

தாம் கொண்ட கொள்கையே மெய்யானது என்று ஒருவர் உறுதியாக நம்புவாராயின், அதற்கு மாறுபட்டாரைப் பகைவராகக் கருதாதிருத்தல் அவருக்கு இயலுமா? சமய வாழ்வில் ஈடுபட்டார் எவரும் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் இவ்வினாவின் முன் நின்றேயாக வேண்டும். இயலும் என்று விரைந்து விடை கூறுவோர் தம் கொள்கையை ஆழ்ந்து நம்பாதவராய் இருத்தல் கூடும். இயலாது என்பார் தம் உள்ளத்தைச் சரியாக ஆராயாதவராய் இருத்தல் கூடும். இவ்வினாவைத் தருக்க நூல்களின் வழியாக அணுகாமல், மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுடைய கல்லறைச் சுவர்களின் வழியாக அணுகிய ஓர் அறிஞரின் வாழ்வை ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

அவர் பெயர் யான் அஸ்மன். ஜெர்மனியின் லாங்கெல்ஸ்ஹைம் என்னும் சிற்றூரில் 1938ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பிறந்தவர். பிறந்த ஆண்டையே வாசகர்கள் சற்று நோக்க வேண்டும். தம் இளமையில் அவர் கண்டது போரின் இடிபாடுகளை. கேட்டது, பெரியோர் பேச மறுத்த மௌனத்தை. அவர் தலைமுறையைச் சேர்ந்த ஜெர்மானியர்க்கு, 'நினைவு' என்னும் சொல் வெறும் ஆய்வுப் பொருளாக இருந்திருக்க இயலாது. எகிப்தியவியலும் தொல்லியலும் கற்று, 1966-67இல் கெய்ரோவிலுள்ள ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தின் உதவி பெற்று எகிப்துக்குச் சென்றார். பின்னர் 1976 முதல் 2003 வரை ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தில் எகிப்தியவியல் பேராசிரியராக விளங்கினார். அவர்தம் துணைவியார் அலைடா அஸ்மன் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். ஐந்து மக்களை வளர்த்த அவ்விருவரும் ஒருவர் சிந்தனையை மற்றொருவர் செப்பம் செய்தே வாழ்ந்தனர். இக்கட்டுரையில் நாம் கூறப் போகும் கருத்துகளுள் எது யாருடையது என்று கோடு கிழித்துக் காட்டல் எளிதன்று.

அஸ்மன் தம் ஆய்வின் தொடக்கக் காலத்தைக் கழித்தது, நைல் ஆற்றின் மேற்குக் கரையில், பழைய தீப்ஸ் நகரத்தின் கல்லறைகளில். அங்கே அதிகாரிகளும் எழுத்தர்களும் மலையைக் குடைந்து தமக்கெனக் கல்லறை அமைத்து, அதன் நுழைவாயிலில் கதிரவனைப் போற்றும் பாக்களைப் பொறித்து வைத்தனர். காலையில் எழும் ஞாயிற்றையும் மாலையில் மறையும் ஞாயிற்றையும் இறந்தவன் நாள்தோறும் வணங்கிக்கொண்டேயிருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. இப்பாக்களை ஒவ்வொன்றாகப் படியெடுத்து, ஒப்புநோக்கி, 1983இல் பெருநூலாக வெளியிட்டார். புகழ் தரும் பணியன்று அது. சிதைந்த சுவரில் எஞ்சிய எழுத்தை விளக்கொளியில் கூர்ந்து பார்க்கும் பணி. ஆயினும் அவருடைய பிற்காலச் சிந்தனை முழுவதற்கும் வித்து அங்கேதான் விழுந்தது என்பது நம் கருத்து. ஏனெனின், எகிப்தியர் தம் வாயால் தாமே பேசுவதை அவர் அங்கே கேட்டார்.

இதன் அருமையை உணர வேண்டுமாயின் ஒரு செய்தியை நினைவிற் கொள்ள வேண்டும். எகிப்தின் பட எழுத்தில் பொறிக்கப்பட்டவற்றுள் காலத்தால் கடைசியானதாக நமக்குக் கிடைப்பது, பீலே தீவின் கோயிலில் கி.பி. 394ஆம் ஆண்டில் வெட்டப்பட்டது. அதன்பின் அவ்வெழுத்தைப் படிப்பார் இல்லை. பிரெஞ்சு அறிஞர் சம்பொலியன் 1822இல் அதன் மறைபொருளை விடுவிக்கும் வரை, ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் எகிப்து ஊமையாயிருந்தது. ஊமையாயிருந்ததே தவிர, மறக்கப்படவில்லை. பிறர் அதனை நினைத்துக்கொண்டேயிருந்தனர். விவிலியத்தைப் படித்தோர்க்கு அது அடிமைத்தனத்தின் வீடு, விக்கிரக வணக்கத்தின் உறைவிடம். கிரேக்கரைப் படித்தோர்க்கு அது மறைஞானத்தின் ஊற்று. இகழ்ந்தவரும் புகழ்ந்தவரும் எகிப்தியனின் ஒரு சொல்லையும் கேட்டவரல்லர். தன்னைப் பற்றிப் பிறர் சொல்வதை மறுக்கவும் வாயற்ற ஒருவனைப் பற்றி, தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்லப்படுமாயின் அவன் நிலை என்னாகும்? பண்பாட்டு நினைவு என்னும் கோட்பாட்டின் உள்ளே இந்த அறவினாவே உறைகின்றது.

அக்கோட்பாட்டைச் சுருக்கமாகக் கூறுவோம். மனிதன் தனித்து நினைப்பதில்லை, தன் குடும்பமும் குழுவும் வகுத்த சட்டகத்துள்ளேயே நினைக்கின்றான் என்று பிரெஞ்சுச் சமூகவியலார் மொரீஸ் ஆல்ப்வாக்ஸ் 1925இல் எழுதினார். (அவர் 1945இல் நாசிகளின் புக்கன்வால்ட் வதைமுகாமில் உயிர் நீத்தார். நினைவைப் பற்றி எழுதியவரின் முடிவு இவ்வாறு அமைந்ததை நாம் கடந்து செல்ல இயலவில்லை.) அவர் வழிநின்ற அஸ்மன், 1992இல் வெளியிட்ட நூலில் இருவகை நினைவைப் பிரித்துக் காட்டினார். பாட்டன் பேரனுக்குச் சொல்வது உரையாடல் நினைவு. அது மூன்று நான்கு தலைமுறை, மிஞ்சிப் போனால் எண்பது அல்லது நூறு ஆண்டு நிற்கும். நூல், சடங்கு, திருவிழா, கட்டடம் ஆகியவற்றில் ஏற்றி வைக்கப்பட்டது பண்பாட்டு நினைவு. அது ஆயிரமாண்டுகளைக் கடக்க வல்லது. கண்டவர் மறையத் தொடங்கும் நாற்பதாம் ஆண்டளவில், முன்னதிலிருந்து பின்னதற்கு மாற்ற வேண்டிய நெருக்கடி தோன்றுகிறது என்பார் அவர். பாலைவனத்தில் நாற்பதாண்டு அலைந்த மக்களுக்கு மோசே விடை கூறும் உபாகமத்தை இதற்குச் சான்று காட்டுவார். போர் முடிந்து சரியாக நாற்பதாண்டு கழித்து, 1985ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் வைட்ஸெக்கர் ஆற்றிய உரையையும் சுட்டுவார். எகிப்தியவியல் நூலில் இவ்வுரை எங்ஙனம் வந்தது என்று வியப்போர், அவர் பிறந்த ஆண்டை மீண்டும் நோக்குக.

இனி, தலைப்பில் சுட்டிய மன்னனிடம் வருவோம். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஏறத்தாழ பதினேழு ஆண்டு ஆண்டவன் அகெனாத்தன். ஆத்தன் எனப்பட்ட கதிர்வட்டமொன்றையே தெய்வமாகக் கொண்டு, ஏனைய வழிபாடுகளை விலக்கினான். ஆமுன் என்னும் தெய்வத்தின் பெயர் எங்கெங்கு பொறிக்கப்பட்டிருந்ததோ அங்கெல்லாம் உளியால் செதுக்கி அழித்தனர் அவன் ஏவலர். அவன் தந்தையின் பெயரிலும் ஆமுன் இருந்தது, அதனையும் விட்டிலர். தெய்வங்கள் என்னும் பன்மைச் சொல்லும் சில இடங்களில் உளிக்கு இரையாயிற்று. மன்னன் இறந்தான். அரை நூற்றாண்டுக்குள் அதே உளி அவன் பெயர்மீது திரும்பிற்று. அபைதோஸ் நகரில் முதலாம் சேத்தி எழுப்பிய கோயிலின் அரசர் வரிசையில், அகெனாத்தனின் தந்தைக்குப் பின் ஓரெம்எப் என்னும் மன்னன் வருகின்றான்; இடைப்பட்ட அரசர்களுக்கு அங்கே இடமே இல்லை. கடந்த 19ஆம் நூற்றாண்டில் அமர்னாவின் இடிபாடுகளிலிருந்து மீட்கப்படும் வரை அவன் இருந்தான் என்பதே உலகுக்குத் தெரியாது.

மோசேயின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர் காலத்தைச் சேர்ந்த கல்வெட்டோ ஏடோ அவரைப் பற்றி யாதொன்றும் கூறவில்லை. ஆயின் அவரை மறந்த நாள் ஒன்றும் இல்லை. ஒருவன் வரலாற்றில் இருந்து நினைவில் இல்லாதவன். மற்றவர் நினைவில் இருந்து வரலாற்றில் கண்டறியப்படாதவர். அஸ்மன் 1997இல் வெளியிட்ட 'எகிப்தியரான மோசே' என்னும் நூல் இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்துகிறது. மோசே உண்மையில் யார் என்று ஆராய்வது அந்நூலின் நோக்கமன்று. அவர் எவ்வாறெல்லாம் நினைக்கப்பட்டார், அந்நினைவு மனிதரை என்ன செய்யத் தூண்டிற்று என்று ஆராய்வதே நோக்கம். அதனை நினைவின் வரலாறு என்றார் அவர்.

அந்நூலில் நம்மை உறங்கவிடாமற் செய்த பகுதி ஒன்று உண்டு. அகெனாத்தனுக்கு ஆயிரமாண்டுக்குப் பின், கி.மு. 3ஆம் நூற்றாண்டில், மானெத்தோ என்னும் எகிப்தியப் பூசகர் தம் நாட்டு வரலாற்றைக் கிரேக்க மொழியில் எழுதினார். அதில் ஒரு கதை வருகின்றது. தொழுநோயாளரைத் திரட்டிய ஒசார்செப் என்னும் பூசகன், தெய்வங்களை வணங்காதீர் என்று விதித்து, பதின்மூன்று ஆண்டு நாட்டைப் பாழ்படுத்தி, பின்னர்த் தன் பெயரை மோசே என்று மாற்றிக்கொண்டான் என்பது அக்கதை. யூத வரலாற்றாசிரியர் யோசேபசு இதனை மறுப்பதற்காக எடுத்தெழுதியமையால் இது நமக்குக் கிட்டியுள்ளது. அஸ்மன் கருத்துப்படி, அகெனாத்தன் காலத்துக் கோயிலடைப்பின் வடு எகிப்தியர் உள்ளத்தில் பெயரின்றித் தங்கிவிட்டது. பெயர் அழிக்கப்பட்டமையால் அந்த அச்சத்திற்கு முகவரி இல்லை. முகவரியற்ற அச்சம், பிற்காலத்தில் அங்கே வாழ்ந்த யூதர்மீது போய் ஒட்டிக்கொண்டது. தம் மன்னன் ஒருவன் செய்த செயலுக்கு, அதனோடு தொடர்பே இல்லாத ஒரு மக்கள் கூட்டம் பழி சுமந்தது. யூதர் தொழுநோயாளர், தெய்வநிந்தனையாளர் என்ற இழிசொல் அங்கிருந்து கிரேக்க உரோமானிய எழுத்தாளரிடம் பரவிற்று. இது கருதுகோளே, ஏற்காத அறிஞரும் உளர். ஆயினும், ஒரு குற்றத்தை மறைத்துவிட்டால் அது ஒழிந்தது என்று எண்ணும் குடும்பங்களையும் ஊர்களையும் நாம் அறிவோமாதலின், இக்கருதுகோளை எளிதில் தள்ள நமக்கு மனம் வரவில்லை.

அடுத்து, பெரும் புயலைக் கிளப்பிய கருத்து. சமயத்தில் மெய், பொய் என்னும் பிரிப்பு எக்காலத்தும் இருந்ததன்று, அது இடையில் தோன்றியது என்றார் அஸ்மன். அதற்கு மோசேயின் பிரிப்பு என்று பெயரிட்டார். தூய்மை தூய்மையின்மை, புனிதம் புனிதமின்மை என்ற பிரிவுகள் முன்னரும் இருந்தன. ஆனால் அயலான் வணங்கும் தெய்வம் பொய்த்தெய்வம் என்னும் எண்ணம் பழைய உலகிற்கு இல்லை. மெசொப்பொத்தாமியர், ஒரு மொழியின் தெய்வப் பெயர்க்கு மற்றொரு மொழியில் நிகரான பெயரைப் பட்டியலிட்டுக் களிமண் பலகைகளில் எழுதி வைத்தனர். இரண்டாம் இராமசேசும் இத்தைத்து மன்னன் மூன்றாம் அத்துசிலியும் கி.மு. 1259ஆம் ஆண்டளவில் செய்துகொண்ட உடன்படிக்கையில், இரு நாட்டுத் தெய்வங்கள் ஆயிரமாயிரவரும் சாட்சியாக அழைக்கப்பட்டனர். எகிப்திய வாசகத்தில் இத்தைத்தரின் புயல் தெய்வத்திற்கு எகிப்தியத் தெய்வமான சேத்தின் பெயரே இடப்பட்டுள்ளது. உன் தெய்வத்தின்மேல் நீ இடும் ஆணையை நான் நம்புவேன் என்றால்தானே உடன்படிக்கை நிலைக்கும்? இந்த மொழிபெயர்ப்பு வாயிலை மோசேயின் பிரிப்பு அடைத்துவிட்டது. அடைத்ததோடு, அடுத்தவனைப் பொய்யன் ஆக்கிற்று. அதன்பின் தெய்வத்தின் பெயரால் செய்யும் வன்முறைக்கு வழி பிறந்தது என்பது அவர் வாதம்.

இதனை முதலில் படித்தபோது நாம் மகிழ்ந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒருபுடைப் பார்வை துன்பம் தரும் என்று நம் முன்னோர் கூறியதை எங்கோ ஹைடெல்பர்க்கில் இருந்து ஒருவர் மெய்ப்பிக்கின்றார் என்று எண்ணினோம். அநேகாந்தக் கொள்கைக்கு அயல்நாட்டுச் சான்று கிடைத்தது என்று கட்டுரை எழுதவும் முற்பட்டோம். சற்றுப் பொறுத்து ஆராய்ந்தபோது அம்மகிழ்ச்சியே குற்றமுடையது என்று தெரிந்தது.

முதலாவது, மேற்கூறிய உடன்படிக்கை ஏன் தேவைப்பட்டது? கி.மு. 1274ஆம் ஆண்டளவில் காதேசு என்னுமிடத்தில் அவ்விரு நாட்டுப் படைகளும் மோதிக்கொண்டன. அதன்பின் பதினைந்தாண்டு கழித்தே இவ்வமைதி வாய்த்தது. தெய்வங்களை மொழிபெயர்க்கத் தெரிந்தவர்களே ஒருவரை ஒருவர் வெட்டியும் வீழ்த்தினர். எகிப்தியக் கோயில் வாயிற்சுவர்களில், பகைவரின் தலைமயிரைப் பற்றி ஓங்கி அடிக்கும் மன்னனின் உருவத்தைக் காணாதார் இல்லை. பெயருக்குப் பெயர் நிகர் சொல்லுதல் ஒன்று. மாற்றான் நோக்கிலும் மெய்ம்மையின் ஒரு கூறு உண்டு என்று ஒப்புதல் வேறு. முன்னது வணிகனுக்கும் தூதனுக்கும் வேண்டிய அறிவு. பின்னது நெடிய மன அடக்கத்தால் வருவது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு அநேகாந்தத்தை நைல் கரையில் நட்டுவிடுதல் முறையன்று. அஸ்மனும் பழைய உலகம் வன்முறையற்றது என்று கூறவில்லை. தெய்வத்தின் பகைவர் என்ற பெயரால் செய்யப்படும் வன்முறையே புதிது என்றார்.

இரண்டாவது இன்னும் கடுமையானது. ஒருவரைப் பொய்யராக்கும் வழக்கத்திற்குக் காரணம் இன்னார் என்று நாம் விரல் நீட்டும்போது, அதே வழக்கத்தை நாமும் செய்கின்றோம் அல்லவா? மோசேயின் பெயரால் ஒரு குற்றம் சொல்லப்பட்டால் அது யார்மீது போய் விழும்? சொல்பவர் ஜெர்மானியர், பிறந்தது 1938. இதனைத் திறனாய்வாளர் அவருக்கு நினைவூட்டத் தவறவில்லை. விவிலியச் சமயத்தையே வன்முறையின் வேராக்குகின்றார் என்றும், யூதப் பகைமைக்கு அறியாமலே துணைபோகின்றார் என்றும் கடிந்தனர். யூத இகழ்ச்சியின் வேரைத் தோண்டிக் காட்ட முயன்றவர்மீதே அப்பழி வந்தது. அறிஞர் ஒருவர்க்கு இதனினும் பெரிய துன்பம் இருத்தல் அரிது.

அவர் என்ன செய்தார் என்பதே நமக்குப் பாடமாக உள்ளது. 2003இல் தம் கருத்தை விளக்கி 'மோசேயின் பிரிப்பு' என்னும் தலைப்பிலேயே நூலொன்று எழுதினார். அதன் பின்னிணைப்பாக, தம்மை மறுத்தும் திருத்தியும் எழுதிய ஐவரின் கட்டுரைகளை அச்சிட்டார். தம் நூலின் தாள்களிலேயே எதிர்வாதியை அமரச் செய்யும் ஆசிரியர் எத்தனை பேர்? தம் பழைய கூற்றைத் தெளிவும் படுத்தினார். யூத சமயம் அப்பிரிப்பைக் கொண்டு தன்னையே வேறாக ஒதுக்கிக்கொண்டதே தவிர, அயலார்மேல் பாயவில்லை என்றார். அப்பிரிப்பால் மனித குலம் அடைந்த பேறுகளையும் எடுத்துரைத்தார். அதனை நீக்கிவிட்டுப் பழைய உலகிற்குத் திரும்ப வேண்டும் என்பது தம் கருத்தன்று என்றார். 2015இல் வெளிவந்த, யாத்திராகமம் பற்றிய நூலில் மேலும் ஓர் அடி சென்றார். விவிலியத்தின் தொன்மையான அடுக்கில் அடிப்படையாயிருப்பது மெய், பொய் என்னும் பிரிப்பன்று. உடன்படிக்கைக்கு உண்மையாயிருத்தல், வழுவுதல் என்னும் பிரிப்பே என்றார். ஒருவனுக்கு நான் உண்மையாயிருப்பேன் என்பவன், பிறர் இல்லை என்று கூற வேண்டிய தேவை இல்லை. தன் மனைவிக்கு உண்மையாயிருப்பவன் உலகில் வேறு பெண்டிர் இல்லையென்றா கூறுகின்றான்? தம் முதுமையில், தமக்குப் புகழ் தந்த கருத்தைத் தாமே திருத்தி எழுதினார் அவர்.

நாம் எழுப்பிய முதல் வினாவிற்கு இங்கே ஒரு வழி புலப்படுவதாகக் கருதுகின்றோம். உறுதி என்பது இருவகை. என் கொள்கை மெய் என்னும் உறுதி ஒன்று. என் கொள்கைக்கு நான் மெய்யாயிருப்பேன் என்னும் உறுதி மற்றொன்று. முதலாவதற்குப் பொய்யன் ஒருவன் எதிரே தேவைப்படுகின்றான். இரண்டாவதற்குத் தன் உள்ளமே எதிரி. இப்பகுப்பு எல்லா இடர்களையும் தீர்க்கும் என்று நாம் சாதிக்கவில்லை. மெய்ம்மையைப் பற்றிய கவலையே இன்றி வெறும் விசுவாசத்தோடு இருப்பவன் தீய தலைவனுக்கும் உண்மையாயிருப்பான். அஸ்மனின் தந்தை தலைமுறை அதற்குச் சான்று. ஆதலின் இரண்டும் வேண்டும். எவ்வளவு, எந்த அளவில் என்பதை ஒவ்வொருவரும் தம் வாழ்விலேயே கண்டுகொள்ள வேண்டியிருக்கின்றது.

இவ்விடத்தில் அவர் 1990இல் எழுதிய 'மாஅத்' என்னும் நூல் துணை செய்கின்றது. மாஅத் என்பது எகிப்தியரின் அறம், நீதி, ஒழுங்கு அனைத்தையும் குறிக்கும் சொல். இறந்தவனின் இதயத்தை ஒரு தட்டிலும், மாஅத்தின் அடையாளமான இறகை மறு தட்டிலும் வைத்து, நாற்பத்திரண்டு நீதிபதிகள் முன் நிறுப்பர் என்று இறந்தோர் நூல் கூறும். கொல்லாமை, அழச்செய்யாமை, அளவையில் வஞ்சியாமை முதலியவற்றை அவன் ஒன்றன்பின் ஒன்றாக உரைக்க வேண்டும். நீதி என்பதைத் தனித்தெய்வ வழிபாடே உலகிற்குக் கொணர்ந்தது என்னும் பெருமிதப் பேச்சு இந்தத் தராசின் முன் நிற்காது என்பதை அஸ்மன் நிறுவினார்.

அந்நூலில் அவர் பெரிதும் பயன்படுத்துவது, நாவன்மையுடைய குடியானவன் ஒருவன் கதை. கழுதைகளைப் பறிகொடுத்த அவன், உயர் அதிகாரி முன் ஒன்பது முறை முறையிடுகின்றான். அவன் சொல்லழகில் ஈடுபட்ட மன்னன், எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும்படியும், அதுவரை விடை கூறாதிருக்கும்படியும் ஆணையிடுகின்றான். அவன் குடும்பத்திற்கு மறைவாக உணவு அனுப்புகின்றான். (நல்ல பேச்சைக் கேட்பதற்காக ஏழையின் நீதியைத் தாழ்த்தலாமா என்பது நம் வாசகர் வீட்டுத் திண்ணையில் வாதிடத்தக்கது.) அம்முறையீடுகளிலிருந்து, மாஅத்தைக் கெடுக்கும் குற்றங்கள் மூன்று என்று அஸ்மன் எடுத்துக் காட்டுவார். செயலற்றிருத்தல், செவிகொடாமை, பேராசை. செயலற்றவன் நேற்றைய நாளை இழக்கின்றான்; ஏனெனின், நேற்றுத் தனக்குச் செய்யப்பட்டதை நினைந்து இன்று கைம்மாறு செய்பவனுக்கே நேற்று என்பது உண்டு. செவிகொடாதவன் நண்பனை இழக்கின்றான். பேராசைக்காரன் பிறரோடு கூடிக் களிக்கும் நாளை இழக்கின்றான். நினைவு என்பதை அறிவின் ஆற்றலாக மட்டும் கருதாமல், ஒழுக்கத்தின் கூறாகக் கருதிய பழைய மக்களை இங்கே காண்கின்றோம். தம்மை மறுத்தவர்க்கு நூலில் இடம் தந்த பேராசிரியர் இரண்டாவது குற்றத்தினின்று தம்மைக் காத்துக்கொண்டார்.

யான் அஸ்மனும் அலைடா அஸ்மனும் 2018ஆம் ஆண்டு ஜெர்மன் புத்தக வணிகத்தாரின் அமைதிப் பரிசை இருவராகவே பெற்றனர். பிராங்க்பர்ட் நகரின் பவுல் ஆலயத்தில் ஓர் உரையை இருவரும் மாறி மாறி நிகழ்த்தினர். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அவர் கான்ஸ்டன்ஸ் நகரில் மறைந்தார்.

எகிப்தியக் கல்லறைகள் பலவற்றில், வழிப்போக்கரை நோக்கி ஒரு வேண்டுகோள் பொறிக்கப்பட்டிருக்கும். நீ எனக்குப் பொருளொன்றும் தர வேண்டா; நின்று என் பெயரையும் படையல் வாசகத்தையும் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டுச் செல், உன் மூச்சன்றி அதற்குச் செலவொன்றும் இல்லை என்பது அதன் பொருள். படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் அவ்வழியே வராமல் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழிந்தன. இருபத்தெட்டு வயதில் எகிப்துக்கு வந்த அந்த இளைஞர், அச்சுவர்களின் முன் நின்று அவற்றைப் படித்தார்.